மீன்தொட்டிக்குள் ஒரு பச்சைத் தரை

(பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியர் இருவர்)

நாங்கள் இருவரும் இரட்டையர். இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தமிழாசிரியை கேட்டபோது, ஒருத்தி 'காலத்தின் அருமை' என்றும் மற்றொருத்தி 'மரம் வளர்ப்போம்' என்றும் எழுதத் தொடங்கினோம். இரண்டுமே சென்ற ஆண்டு மலரில் வந்தவை என்று தெரிந்ததும் தாளைக் கிழித்துவிட்டு, எங்கள் வீட்டுக் கதையையே எழுதிவிடுவது என்று முடிவு செய்தோம். இதில் எங்களுக்குப் பெருமை தருவது கொஞ்சம், தலைகுனிவு தருவது கொஞ்சம் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

எங்கள் ஊர் குயிலாப்பாளையம். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் இருக்கிறது. செம்மண் பூமி. முந்திரித் தோப்புகளும், மழை அரித்து உண்டாக்கிய பள்ளங்களும், கிழக்கே கடலும் உண்டு. ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஆரோவில் பக்கத்திலா?" என்று கேட்பார்கள். ஆரோவில் தொடங்கப்பட்டது 1968ஆம் ஆண்டில்தான். ஆகவே ஆரோவில்தான் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நாங்கள் விடை சொல்வது வழக்கம்.

அப்பா மின்வேலை செய்பவர். விருந்தினர் விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் ஒயரிங் செய்வார். 2024 பிப்ரவரியில், ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பத்தார் தங்கள் மீன்தொட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப் போட்டால் சுமார் 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும்வரை அதைத் தொடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. தேர்வு முடிந்த மறுநாளே தொட்டியைக் கழுவி, ஆயாவின் கட்டிலுக்கு எதிரே மேசைமேல் வைத்தோம்.

ஆயாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் அம்மாவைப் பெற்றவர். எங்கள் ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உள்ள மரக்காணத்தில் வாழ்க்கைப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உப்பளத்தில் வேலை செய்தவர். தை, மாசியில் தொடங்கினால் ஐப்பசி மழை வரும்வரை அங்கே வேலை இருக்கும். விடியுமுன் போய்ப் பாத்தி மிதிப்பது, உப்பு வாருவது, கூடையில் சுமந்து கொட்டுவது என்று உழைத்த உடம்பு. 2023 டிசம்பரில் பக்கவாதம் வந்து, வலக்கையும் வலக்காலும் சோர்ந்து, பேச்சும் மெதுவாகிவிட்டது. அம்மா அவரை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். கட்டிலில் இருந்தபடி பார்ப்பதற்கு ஆயாவுக்கு ஏதாவது வேண்டும் என்றுதான் தொட்டியை அங்கே வைத்தோம்.

கடையில் விற்கும் வெள்ளைக் கூழாங்கற்களை அடியில் பரப்பி, போர்க்கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, ஏழு கப்பி மீன்களையும் நான்கு மோலி மீன்களையும் விட்டோம். புதுச்சேரிக் கடைகளுக்கு மீன் பெரும்பாலும் சென்னை கொளத்தூரிலிருந்து வருகிறது என்று கடைக்காரர் சொன்னார். கொளத்தூரில் வீட்டு மாடிகளிலும் கொல்லைகளிலும்கூட வண்ணமீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளமாம்.

விளக்கைப் போட்டதும் தொட்டி பளபளவென்று இருந்தது. ஆயா வெகுநேரம் பார்த்தார். "மீனு நல்லாருக்குது. தரைதான் அளம் மாதிரி வெள்ளையா கெடக்குது. கண்ணு கூசுது. பச்சையா எதுனா நட்டு வுடுங்கடி" என்றார். சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று.

வெயிலில் வெள்ளை வெளேரென்று மின்னும் உப்பைப் பார்த்துப் பார்த்தே உப்பளத் தொழிலாளர்களின் கண் கெடுகிறது என்று நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். அதே வெள்ளையை ஆயாவின் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்தவர்கள் நாங்கள்தான்! அன்றிரவே, தொட்டியின் அடித்தரை முழுவதும் பச்சையாக்கிக் காட்டுவது என்று உறுதி எடுத்தோம்.

தொட்டிக்குள் தரையோடு தரையாகப் படரும் செடிகளுக்குக் கார்பெட் செடிகள் என்று பெயர். இவற்றை உலகெங்கும் பிரபலமாக்கியவர் ஜப்பான் நாட்டுப் புகைப்படக் கலைஞர் தக்காஷி அமானோ (1954-2015). தொட்டிக்குள் மலையும் புல்வெளியும் காடும் இருப்பது போலச் செடிகளாலேயே அமைத்துக் காட்டியவர். அதற்கு வெகுகாலம் முன்பே, 1832இல், ஜான் வில்பிரே-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி கடலுயிர்களை ஆராய்வதற்காகச் சிசிலித் தீவில் கண்ணாடித் தொட்டி செய்து வைத்திருந்தார். கண்ணாடித் தொட்டியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திய முன்னோடி ஒரு பெண் என்பதைப் பெண்கள் பள்ளி மலரில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது? 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், இரண்டு தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் சில நத்தைகளையும் ஒரே தொட்டியில் வைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாவதைக் காட்டினார். நம் நாட்டிலும் சென்னைக் கடற்கரையில் 1909லேயே கடல்மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. இவற்றையெல்லாம் அந்த விடுமுறையில்தான் தேடிப் படித்தோம். படித்ததில் பாதியையாவது செய்கையில் காட்டியிருந்தால் பின்னால் வந்த துன்பம் வந்திராது.

எங்கள் உண்டியலை உடைத்து 610 ரூபாய்க்கு மூன்று சிறு தொட்டிச் செடிகள் வாங்கினோம். இரண்டு, மயிரிழை போன்ற இலைகளை உடைய குட்டிப் புல். பெயரில் புல்லாயினும் இது கோரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாய் முடையும் கோரைக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கியூபா நாட்டைச் சேர்ந்தது. அதன் இலை கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மீன்தொட்டிச் செடிகளிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று என்கிறார்கள்.

வெள்ளைக் கற்களுக்கு நடுவே அவற்றை நட்டோம். காலையில் பார்த்தால் பாதிச் செடிகள் மேலே மிதந்தன. கற்கள் பெரியவை. வேர் பிடித்துக்கொள்ள வழியில்லை. மீண்டும் நட்டோம். மீண்டும் மிதந்தன. ஒரு வாரத்தில் கியூபாச் செடி கரைந்து, எங்கே நட்டோம் என்ற அடையாளமும் இல்லாமல் போயிற்று. கோரைத் தங்கை பழுப்பேறி நின்றாள். விளக்கைக் கூடுதல் நேரம் எரியவிட்டுப் பார்த்தோம். செடி வளரவில்லை. நூல்பாசிதான் கல்லுக்குக் கல் தாடி வளர்த்தது.

ஏன் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். தரையில் படரும் செடி விளக்கிலிருந்து வெகு தூரத்தில், தொட்டியின் அடியில் இருக்கிறது. அதற்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால், அதற்கேற்ற கரியமில வாயுவும் ஊட்டமும் கிடைக்காமல் செடி திணறும். பாசி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் கரியமில வாயு ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டப்பந்தயம் ஓடச் சொல்வது போன்றதுதான் செடிக்கு. போதாக்குறைக்கு எங்கள் போர்க்கிணற்று நீர் கடினநீர். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். நாங்கள் போட்ட கற்களோ சலவைக்கல் துண்டுகள். அவற்றிலிருந்து சுண்ணாம்பும் சிறிது சிறிதாக நீரில் கரைகிறது. உப்பளம் என்று ஆயா சொன்னதில் ஓரளவு வேதியியலும் இருந்திருக்கிறது!

மே மாதம். கரியமில வாயுவை நாமே தயாரிக்கலாம் என்று படித்தோம். இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டியில் சர்க்கரைக் கரைசல், அதில் கால் தேக்கரண்டி ஈஸ்ட், மூடியில் துளையிட்டு ஒரு ரப்பர் குழாய். சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்கச் செய்யும்போது வாயு குமிழ் குமிழாகத் தொட்டிக்குள் வரும். அம்மாவின் சர்க்கரை டப்பாவிலிருந்து எடுத்துச் செய்தோம். வந்தது! இரண்டே நாளில் கோரைப் புல்லின் நுனியில் பிராணவாயுக் குமிழ்கள் முத்து முத்தாக நின்றன. ஆயாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்துக் காட்டினோம். அவர் சிரித்தார். பக்கவாதம் வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்புத்தான் எங்களை மயக்கிவிட்டது. ஒரு புட்டியில் இவ்வளவென்றால் இரண்டில் எவ்வளவு! மறுநாள் இரண்டாவது புட்டியையும் இணைத்தோம். ஈஸ்டையும் அள்ளிப் போட்டோம். காற்று மோட்டார் ஓடினால் நீர்ப்பரப்பு கலங்கி, கரைந்த வாயு வெளியேறிவிடும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. ஆகவே படுக்கப் போகும்முன் மோட்டாரை நாங்களே நிறுத்தினோம்.

இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை. செடியும் மீனைப் போலவே பிராணவாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விடும். இது ஆறாம் வகுப்புப் பாடம். ஈஸ்ட் புட்டிக்கு இரவு பகல் கிடையாது, அதை மூடிவைக்கவும் குமிழ் இல்லை. கத்திரி வெயில் காலத்தில் நொதித்தல் இன்னும் வேகமாகும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். எல்லாவற்றையும் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தபோது மீன்கள் மேல்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஆறு மணிக்குள் ஒன்பது மீன்கள் போய்விட்டன. இரண்டு மோலிகள் மட்டும் பிழைத்தன.

அப்பா வந்து நின்றார். "என்ன ஆச்சு?" என்றார்.

அந்த இரவில் அரைமணி நேரம் மின்சாரம் நின்றது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டோம். "கரண்ட் போச்சுப்பா. மோட்டார் நின்னுடுச்சு" என்றோம். இருவரும் ஒரே குரலில் சொன்னோம். பிறந்ததிலிருந்து நாங்கள் ஒத்துப்போன சில விஷயங்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. புட்டிகளைக் கொல்லையில் கொண்டுபோய்க் கவிழ்த்தோம்.

அப்பா எங்களைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் தம்மையே நொந்துகொண்டார். "ஊருக்கெல்லாம் ஒயரிங் பண்றேன். வூட்டுல ஒரு பேட்டரி வைக்கத் தோணலை பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். மறுநாள் 850 ரூபாய் கொடுத்து, மின்சாரம் நின்றால் தானே ஓடும் பேட்டரிக் காற்று மோட்டார் வாங்கிவந்து மாட்டினார். அந்த மாதம் அவருக்கு வேலை குறைவு. எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து ஆயா எங்களைக் கட்டிலருகே அழைத்தார். "மோட்டார நிறுத்தினது யாரு?" என்றார். இரவில் அவருக்குச் சரியாகத் தூக்கம் வராது என்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். நாங்கள் பேசவில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. அப்பாவிடம் சொல்லவுமில்லை. கேட்டது கேட்டபடியே நின்றது.

ஜூனில் பள்ளி திறந்தது. தொட்டி பாதித் தண்ணீரோடு கிடந்தது. ஒருநாள் ஆயாவே பேச்செடுத்தார். காசு கொடுத்து வாங்கிய செடி எதற்கு, மழை பெய்தால் குட்டை ஓரத்தில் ஆராக்கீரை படருமே, அது தண்ணீருக்குள்ளும் கிடக்குமே, அதை நடுங்கள் என்றார். பாத்தி மிதிப்பது போல் மண்ணை முதலில் அழுத்த வேண்டும், பிறகுதான் எதுவும் நிற்கும் என்றும் சொன்னார்.

ஆராக்கீரை என்று அவர் சொன்னது ஆரைக்கீரையை. நீராரை என்றும் சொல்வார்கள். ஒரு காம்பில் நான்கு இலைகள் சிலுவைபோல் விரிந்திருக்கும். கீரை என்று பெயர் பெற்றாலும் இது பூக்கும் தாவரமே அல்ல, பெரணி இனம். குளம் வற்றினால் காய்போன்ற கெட்டியான உறைக்குள் வித்துகளை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள்கூட மண்ணில் காத்திருக்கும். மழை விழுந்ததும் முளைக்கும். இதன் தாவரவியல் பெயர் மார்சீலியா. வெளிநாட்டுத் தொட்டிப் பிரியர்கள் இதன் உறவுகளையே கார்பெட் செடியாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்! எங்கள் ஊர்க் குட்டையில் மாடு மேய்கிறது.

ஜூலையில் தொட்டியைக் காலி செய்தோம். வெள்ளைக் கற்களை வெளியே கொட்டினோம். டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்க அம்மையார் 1999இல் வெளிவந்த தம் நூலில், அடியில் சாதாரணத் தோட்டத்து மண்ணைப் போட்டு அதன்மேல் சரளையால் மூடினாலே போதும், தனியாக வாயு செலுத்தாமலும் செடி வளரும் என்று விளக்கியிருக்கிறார். மண்ணில் உள்ள மக்கு சிதையும்போது கரியமில வாயு கிடைக்கும் என்பது அவர் கணக்கு. எங்கள் கொல்லைச் செம்மண்ணில் இரும்புச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஓர் அங்குலம் சலித்த மண் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி, மேலே ஓர் அங்குலம் கழுவிய மணல் பரப்பினோம். ஆயா கட்டிலில் இருந்தபடியே, "அந்த மூலைய அமுக்கு, இந்த மூலைய அமுக்கு" என்று வேலை வாங்கினார்.

இம்முறை தண்ணீர் ஊற்றவில்லை. நாற்றங்கால் போல மண்ணை ஈரமாக மட்டும் வைத்து, ஆரையின் கொடியை விரல்நீளத் துண்டுகளாக நறுக்கி நட்டு, மேலே பாலிதீன் தாளால் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். காற்றில் இருக்கும்போது செடிக்குக் கரியமில வாயுவுக்குக் குறைவில்லை. வேர் நன்றாக ஓடியபின் தண்ணீர் விட்டால் மிதக்காது. கெட்டிக்காரத்தனமான இந்த முறையை எங்கள் ஊர் உழவர்கள் பார்த்தால், இதற்கு ஒரு புத்தகமா என்று கேட்பார்கள். ஐந்து வாரம் ஆயிற்று. முதல் இரண்டு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. மூன்றாம் வாரம் சுருண்ட சிறு தளிர்கள் மணலைக் கீறிக்கொண்டு வந்தன. அன்று பள்ளிக்குத் தாமதமாகப் போய் வெளியே நின்றோம்.

ஆகஸ்டு கடைசியில் மெதுவாகத் தண்ணீரை நிரப்பினோம். நிலத்து இலைகள் அழுகின. பயந்தோம். ஆனால் நீருக்குள் புதிய இலைகள் குட்டையாக வந்தன. சில காம்புகள் மட்டும் சொல்பேச்சுக் கேளாமல் நீர்ப்பரப்புக்கு ஏறிக் குடை விரித்தன. அவற்றைக் கத்தரித்தோம், இன்றும் கத்தரிக்கிறோம். கத்தரித்ததைக் குட்டையில் எறிவதில்லை. மீன்தொட்டியில் வளர்ந்தது எதையும் ஏரி குளத்தில் விடக்கூடாது என்று எங்கள் உயிரியல் சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி 2024 ஜனவரியில்தான் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே ஆயிரக்கணக்கில் பறவைகள் வருகின்றன. நம் தொட்டிக் கழிவு அங்கே போய்ச் சேர வேண்டாம்.

அக்டோபரில் தரையில் முக்கால் பங்கு பச்சையாகிவிட்டது. மோலிகள் இரண்டோடு ஆறு கப்பிகளையும் சேர்த்தோம். ஆயா பகலில் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவிடம் எங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார். அப்போதெல்லாம் அந்த மே மாதத்துக் கேள்வி எங்கள் தொண்டையில் முள்ளாக நின்றது.

நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை இப்பகுதித் தோழியர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஓட்டுக்கூரையின் மேல் கல் விழுவது போன்ற சத்தம். மின்சாரம் போய்விட்டது. மரக்காணத்து உப்பளங்கள் என்ன ஆயினவோ என்று ஆயா புலம்பிக்கொண்டிருந்தார். அவர் கவலைப்பட்டபடியே அவை வெள்ளத்தில் மூழ்கிய செய்தி பிறகு வந்தது. இருட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், அந்தப் பேட்டரி மோட்டார் மட்டும் 'டர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சமில்லாத தொட்டியில் இத்தனை செடிகளும் சேர்ந்து பிராணவாயுவை இழுக்கும்போது, அது இல்லாவிட்டால் மீன்கள் விடியும்வரை நின்றிருக்காது.

அப்பா தொட்டி அருகே வந்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். "பார்த்தீங்களா, அன்னைக்கு அத்தனை மீனு செத்ததுக்கு இன்னைக்கு இது ஒதவுது" என்றார். குரலில் ஒரு நிம்மதி. ஆறு மாதமாக அவர் அந்தப் பழியைச் சுமந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. ஒருத்தி அழத் தொடங்கினாள். மற்றொருத்தி சொல்லிவிட்டாள். யார் அழுதது, யார் சொன்னது என்று எழுதுவதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம். இரண்டு புட்டி, அள்ளிப்போட்ட ஈஸ்ட், நாங்களே நிறுத்திய மோட்டார், எல்லாவற்றையும் சொன்னோம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு, கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைக்கப் போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் எங்களிடம் பேசவில்லை. இடையில் ஆயாவிடம் மட்டும், "உனக்குத் தெரியுமா அத்தை?" என்று கேட்டார். "தெரியும். அதுங்களே சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார் ஆயா.

மூன்றாம் நாள் மின்சாரம் வந்தது. அப்பாதான் முதலில் போய்த் தொட்டி விளக்கைப் போட்டார். ஆரை இலைகள் வெளிறி, பல மஞ்சளாகியிருந்தன. மீன்கள் எட்டும் இருந்தன. "அழுவலைக் கிள்ளிப் போடுங்க, தண்ணிய மாத்துங்க" என்றார். அவர் எங்களிடம் பேசிய முதல் வார்த்தை அது. இரண்டு குடம் தண்ணீரை அவரே தூக்கி வந்தார்.

தை மாதத்துக்குள் புதிய தளிர் வந்து பழைய பச்சை திரும்பியது. ஆயா இப்போது கம்பு ஊன்றித் தொட்டிவரை நான்கு எட்டு நடக்கிறார். இடப்பக்க மூலையில் ஒரு கையகலம் மட்டும் எத்தனை முறை நட்டாலும் பிடிக்கவில்லை. மணல் தெரிகிறது. "அங்க மட்டும் இன்னும் அளமாவே கெடக்குது பாரு" என்று கம்பால் சுட்டிக் காட்டாத நாள் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த மூலையைத் தோண்டிப் பார்க்கப் போகிறோம். அன்று அந்த மூலையை நாங்கள் சரியாக அழுத்தவில்லை என்பது ஆயாவின் கட்சி.